கான்ட் மரண தண்டனையை எதிர்க்கவில்லை

மனிதனை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்றவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்ட், அதனால் மரண தண்டனையையும் எதிர்த்தார் என்று மேலே ஒரு பதிவு இருக்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

நண்பர்களே, முதல் பாதி சரி. இரண்டாவது பாதி அப்படியில்லை. கொலை செய்தவனுக்கு மரணமே தண்டனை என்பதுதான் கான்ட்டின் நிலை. 1797இல் வெளியான 'மெட்டாஃபிசிக்ஸ் ஆஃப் மாரல்ஸ்' நூலில் ஓர் உதாரணம் தருகிறார்: ஒரு தீவின் மக்கள் சமூகத்தைக் கலைத்துவிட்டு உலகெங்கும் பிரிந்து போக முடிவு செய்கிறார்கள். அப்போதும், கிளம்பும் முன் சிறையிலிருக்கும் கடைசிக் கொலைகாரனுக்கும் மரண தண்டனையை நிறைவேற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த ரத்தப்பழி மக்கள்மேல் ஒட்டும் என்கிறார். இனி அங்கே யாரையும் அச்சுறுத்தத் தேவையில்லை, பாருங்கள். குற்றம் செய்தான் என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டிக்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

1764இல் மரண தண்டனைக்கு எதிராக எழுதியவர் இத்தாலியரான பெக்காரியா. கான்ட் அதே நூலில் அவர் பெயரைச் சொல்லியே மறுக்கிறார்.

சரிபார்ப்பது எளிது. சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தேடலாம். புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஓரத்தில் 6:333 என்ற எண் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது; அதில் 'ஐலண்ட்' என்று தேடினால் போதும்.

நானும் தூக்குத் தண்டனை வேண்டாம் என்பவன்தான். கான்ட்டின் கொள்கையை வைத்தே அதை எதிர்த்து வாதாடலாம், தாராளமாக. அப்புறம் அது நம் வாதம், அவருடையதல்ல.