ஏழு இலை வந்தால் வெட்டிவிட வேண்டுமா? காட்டு ரோஜா பற்றிய தவறான தகவல்

"ரோஜாக் கிளையில் ஒரு காம்புக்கு ஐந்து சிற்றிலை இருந்தால் நல்லது, ஏழு இருந்தால் அடியிலிருந்து வரும் காட்டுச்செடி, உடனே வெட்டுங்கள்" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு. இதை நம்பினால் ருகோசா போன்ற காட்டு ரோஜாப் புதரை மொத்தமாக வெட்டிச் சாய்க்க வேண்டியதுதான்! ருகோசாவின் ஒரே காம்பில் 5 முதல் 9 சிற்றிலைகள் வரை இருப்பது இயல்பு. தோட்ட ரோஜா வகைகள் பலவற்றிலும் ஏழு வரும்.

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கிளை புறப்படும் இடத்தைப் பாருங்கள். அடிமண்ணைக் கையால் விலக்குங்கள். ஒட்டுச்செடி (ஒரு ரோஜாவின் வேர்மேல் வேறு ரகத்தை ஒட்டி வளர்த்தது) என்றால் தண்டு வேரோடு சேரும் இடத்தில் புடைத்த முடிச்சு தெரியும். அதற்கு மேலே வருவது நீங்கள் வாங்கிய ரகம்; கீழே வருவது வேர்ச்செடியின், அதாவது அடியில் வேராக இருக்கும் ரோஜாவின் கிளை. அதை மண்மட்டத்தில் கத்தரித்தால் அடியில் தங்கும் மொட்டுகளிலிருந்து இரண்டு மூன்றாகத் திரும்ப முளைக்கும். வேரோடு ஒட்டிய இடம்வரை தோண்டி, கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள்.

முடிச்சே இல்லையா? அது சொந்த வேரில் வளரும் செடி. சற்றுத் தள்ளி முளைக்கும் கன்றுகளும் அதே ரகம்தான். வேண்டாத இடத்தில் வந்தால் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாம்.

ருகோசா இலையில் சுருக்கச் சுருக்கமாக வரிகள் ஓடும், தண்டில் நெருக்கமாக மெல்லிய முட்கள் இருக்கும். அடையாளம் அதுதான்.