ஃபினெஸ்த்ரே மலையில் யேட்ஸ் வென்றது பரிசாகக் கிடைத்த வெற்றியல்ல

இத்தாலியின் மூன்று வாரச் சைக்கிள் பந்தயமான ஜிரோ தி இத்தாலியாவின் 2025 போட்டியில் இருபதாம் கட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ஈசாக் தெல் தோரோவும் ரிச்சர்ட் கரபாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் சைமன் யேட்ஸுக்குப் பட்டம் கிடைத்தது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் தயங்கியது உண்மை. ஆனால் அந்தத் தயக்கம் பிறக்கக்கூடிய நேரம் பார்த்துத் தாக்கியவரின் திறமை இந்தப் பேச்சில் காணாமல் போகிறது என்பதே என் வருத்தம்.

அந்தக் கட்டம் நடந்த மே 31 காலையில், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான இளஞ்சிவப்புச் சட்டையில் தெல் தோரோ இருந்தார். கரபாஸ் 43 நொடியும், யேட்ஸ் 1 நிமிடம் 21 நொடியும் பின்தங்கியிருந்தனர். ஃபினெஸ்த்ரே ஏற்றத்தின் அடிவாரத்திலேயே கரபாஸ் தாக்க, அதாவது திடீரென வேகமெடுத்து விலக முயல, தெல் தோரோ அவரை ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் பதறாமல் அவர்களை எட்டிப் பிடித்து, சிலமுறை முயன்று, உச்சிக்கு இன்னும் வெகுதூரம் இருக்கையிலேயே விலகிச் சென்றார். கரபாஸ் தாக்கினால் துரத்த வேண்டியவர் தெல் தோரோ என்பதில் யாருக்கும் ஐயமில்லை. யேட்ஸ் தாக்கினால் துரத்த வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி. மூன்றாம் இடத்தில் இருந்ததையே அவர் ஆயுதமாக்கினார்.

இதைவிட முக்கியமானது, காலையிலேயே முன்னே பிரிந்து சென்ற குழுவுடன் அனுப்பப்பட்டிருந்த, யேட்ஸின் அணித்தோழர் வவுட் வான் ஆர்ட். ஒன்பது சதவீத ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் காற்றின் தடையும் குறைவு. தனியாகப் போவதில் பெரிய நட்டமில்லை. ஆனால் உச்சியைக் கடந்து இறங்கியபின், முடிவுக்கோடு இருந்த செஸ்த்ரியேர் வரையுள்ள மென்மையான ஏற்றத்தில் தனி ஆள் காற்றிடம் தோற்பதுதான் வழக்கம். அங்கே யேட்ஸுக்காகக் காத்திருந்த வான் ஆர்ட், தம் முழு வலிமையையும் கொடுத்து அவரை இழுத்துச் சென்றார். உச்சியில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்த இடைவெளி, முடிவுக்கோட்டில் 5 நிமிடம் 13 நொடியாக விரிந்தது. மலையில் நிகழ்ந்த தாக்குதலின் பாதி, பல மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

2018இல் இதே மலையில் கிறிஸ் ஃப்ரூம், முடிவுக்கு 80 கிலோமீட்டர் இருக்கையில் தாக்கியபோதும் பின்னால் இதே கதைதான். அவரைத் துரத்திய டாம் டுமுலான், இறக்கத்தில் இன்னொரு வீரரான ரைகன்பாக்கின் துணைக்காகக் காத்திருந்தார். சிறந்த இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டைக்காகப் போட்டியிட்ட லோபஸும் கரபாஸும் துரத்தலில் தோள் கொடுக்கவில்லை. அன்று இளஞ்சிவப்புச் சட்டையுடன் வந்து, இதே ஏற்றத்தில் உடைந்து, 38 நிமிடத்துக்கு மேல் இழந்தவர் யேட்ஸ்.

21 வயதுத் தெல் தோரோவை நான் கடுமையாகக் குறை கூற மாட்டேன். ஆயினும், முன்னால் செல்பவரின் பின்சக்கர நிழலில் காற்றுக்கு மறைந்து வருவதால் பெரிய பயனில்லாத அந்தச் சரளைச் சாலையில், கரபாஸ் தம் முதுகில் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை என்று அவர் தம் தாளத்தில் ஏறியிருக்க வேண்டும். பள்ளத்தாக்கை அடைந்தபின் அந்த முடிவை எடுத்தும் பயனில்லை; அப்போது முன்னால் யேட்ஸ் தனியாக இல்லை.