கரையானுக்கு வந்த வாழ்வு

கரையான் மருந்தடிக்கக் குடும்பமாகத் தொழில் நடத்தும் உள்ளூர்க்காரர்களை அழைத்தது என் குற்றந்தான். அப்பா விலை பேசுவார், மூத்த மகன் தேதி கொடுப்பார், இளைய மகன் அந்தத் தேதியில் வரமாட்டார். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு, மருந்தைச் செலுத்தி, சிமெண்டால் அடைக்க வேண்டிய வேலையை மூன்றடிக்கு ஒரு துளையாகச் சுருக்கிவிட்டு, ‘5 வருட உத்தரவாதம்’ என்று ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தால், கரையான் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமா? (படிக்காது, தின்னும்.) மூன்றாம் மாதமே கதவு நிலையில் மண்கோடு ஏறியது. கேட்டால், “அது பழைய கரையான், சார்” என்கிறார் அப்பா. கரையானுக்கு வயதுச் சான்றிதழும் நான்தான் வாங்கித் தர வேண்டுமா? துளையை அடைத்த சிமெண்ட் மட்டும், வீடு பெருக்கும்போதெல்லாம் தவறாமல் உதிர்ந்துகொண்டிருக்கிறது.