பதுங்கிப் போனவர்களுக்கு என்ன கொடுப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறவர்களிடம் 2024 விதிப்புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "சர்ப்ரைஸைச் சப்பையாக்கிவிட்டார்கள்" என்ற குறை சீக்கிரம் வந்துவிடும். சர்ப்ரைஸ் என்றால் ஒளிந்து வந்து எதிரியை எதிர்பாராமல் தாக்குவது; அதன் பலனைப் புதிய புத்தகம் வெகுவாகக் குறைத்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மாற்றம் தேவையான மாற்றம், பத்து வருடம் தாமதமாக வந்தது. ஆனால் ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) அதோடு நிறுத்திக்கொண்டால் பதுங்கிப் போகிற ஆட்டக்காரருக்கு அநியாயம் நடக்கும். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2014 விதி இப்படி: பதுங்கி வருகிறவர் இருபது முகப் பகடையை உருட்டி ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) எண்ணைக் கூட்டுவார். அதை எதிரியின் பாசிவ் பெர்செப்ஷனோடு (உருட்டாமலே கிடைக்கும், கவனிக்கும் திறனின் எண்) டிஎம் ஒப்பிடுவார். ஆபத்தைக் கவனிக்காதவர் முதல் சுற்றில் நகர முடியாது, ஆக்‌ஷன் எடுக்க முடியாது, அந்த முறை முடியும்வரை பதில் செயலான ரியாக்‌ஷனும் இல்லை. பல சண்டைகள் மூன்று நான்கு சுற்றுகளில் முடிந்துவிடும் ஆட்டம் இது. அதில் ஒரு சுற்றை முழுசாக ஒரு தரப்புக்குத் தூக்கிக் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

2014 ஸ்டார்ட்டர் செட்டின் முதல் சண்டையையே எடுத்துக்கொள்வோம். புதிதாக ஆட வந்த எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் சண்டை. பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும். இரு பக்கப் புதர்களிலுமாக நான்கு காப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) பதுங்கியிருக்கும், அவற்றின் ஸ்டெல்த் +6. முதல் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதி) ஏழெட்டு ஹிட் பாயிண்ட் (உயிர் எண்) இருந்தால் அதிகம். காப்ளினின் ஒரு அடி சராசரியாக ஐந்தரை. முதல் சுற்றில் நான்கு தாக்குதல். இரண்டாவது சுற்றிலும் அவற்றின் இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்பதற்கான உருட்டு) முந்திக்கொண்டால் இன்னும் நான்கு. அதாவது அந்த விசார்டை ஆடுகிறவர் வாயைத் திறப்பதற்குள் எட்டுத் தாக்குதல்! ஆசையாகப் பெயர் வைத்து, முன்கதை எழுதிக்கொண்டு வந்தவர் ஒரு பகடைகூட உருட்டாமல் தரையில் கிடப்பார். இதைக் கடினமான சண்டை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆட வந்தவரை ஆடவிடாமல் உட்கார வைத்த விதி அது.

சரி, ஆட்டக்காரர்கள் பதுங்கும்போதாவது இந்த விதி அவர்களுக்கு உதவியதா? அதுவும் அரிது. எதிரி நம்மில் ஒருவரைக் கவனித்தாலே அவனுக்கு சர்ப்ரைஸ் போய்விடும். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் 70 சதவீதம் வாய்ப்பு என்று வைத்தாலும், நான்கு பேரும் தப்புவதற்கான வாய்ப்பு 24 சதவீதம்தான். இதில் பிளேட் கவசம் போட்ட ஃபைட்டர் ஒருவர் இருந்தால் அவர் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) உருட்ட வேண்டும், அப்புறம் கணக்கே வேண்டாம். பாதிப் பேர் தப்பினால் குழுவே தப்பியது என்கிற குரூப் செக் முறையில் அதே நான்கு பேருக்கு 92 சதவீதம் கிடைக்கும். அந்த முறை 2014 புத்தகத்திலேயே இருக்கிறது. சர்ப்ரைஸ் பகுதியில் மட்டும் அதைச் சொல்லாமல் விட்டார்கள். பாஸ் வித்தவுட் டிரேஸ் மந்திரம் +10 கொடுப்பதால் அது இருக்கிற குழு எப்போதும் ஒளியும், இல்லாத குழு முயற்சிகூட செய்யாது.

அசாசின் (ஒளிந்து கொல்லும் ரோக், அதாவது திருடன் வகைப் பாத்திரம்) கதை இன்னும் மோசம். சர்ப்ரைஸான எதிரி மேல் பட்டால் கிரிட்டிக்கல் (சேதப் பகடைகள் இரட்டிப்பு) என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் உயிரே. கூரை மேல் ஏறி, காத்திருந்து, "இப்போது அம்பை விடுகிறேன்" என்பார். டிஎம் இனிஷியேட்டிவ் கேட்பார். எதிரி அதிகமாக உருட்டிவிட்டால், எதுவும் செய்யாமலே அவனுடைய முறை கடந்துபோகும், அதோடு சர்ப்ரைஸும் தீர்ந்தது. அம்பு வில்லை விட்டுக் கிளம்பும் முன்பே திட்டம் பாழ்.

2024-இல் சர்ப்ரைஸ் என்றால் இனிஷியேட்டிவில் டிஸ்அட்வான்டேஜ், அவ்வளவுதான். ஒளிந்திருப்பவருக்கு இனிஷியேட்டிவில் அட்வான்டேஜ் (இரண்டு உருட்டில் அதிகமானது). யாரும் முறையை இழப்பதில்லை. அசாசினுக்கும் எதிரி சர்ப்ரைஸாக வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. முதல் சுற்றில் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் சிறப்புத் தாக்குதல்) பட்டால் ரோக் லெவல் அளவுக்குக் கூடுதல் சேதம். இது நியாயமான கணக்கு.

ஆனால் ஒரு மணி நேரம் திட்டம் போட்டு, காவலர் மாறும் நேரம் பார்த்து, கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போன குழுவுக்கு "எதிரிக்கு டிஸ்அட்வான்டேஜ்" என்று மட்டும் சொல்வது போதாது. குறை சொல்கிறவர்களின் கோபம் இங்கேதான் பிறக்கிறது, அந்தக் கோபம் நியாயமானது. பதில் பழைய இலவசச் சுற்று இல்லை. பதுங்கியதன் பலன் இனிஷியேட்டிவ் உருட்டுவதற்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். எதிரிகள் எத்தனை பேர், யார் தலைவன், யார் கையில் ஆயுதம் இல்லை, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று டிஎம் தாராளமாகச் சொல்லட்டும். யார் எங்கே நின்று தொடங்குவது என்பதை ஆட்டக்காரர்களே முடிவு செய்யட்டும். முக்கியமாக, சண்டையே வேண்டாம் என்று திரும்பிப் போகவும் இடம் இருக்கட்டும். புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். இந்த ஆட்டத்தில் பாயாமல் இருக்கவும் பதுங்கலாம்.

பழைய ஆட்டத்தில் இந்த இடம் இருந்தது. ஆட்டம் முதலில் வெளிவந்த 1974-இலேயே ஆறு முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் சர்ப்ரைஸ் என்று வைத்திருந்தார்கள். 1981 பேசிக் விதிகளில் அதோடு கூடவே, எவ்வளவு தூரத்தில் சந்திக்கிறோம் என்பதற்கு ஒரு உருட்டு, அந்த மிருகம் என்ன மனநிலையில் இருக்கிறது என்பதற்கு இரண்டு பகடை. எதிரியை முதலில் பார்த்துவிட்டால் ஓடலாம், பேசலாம், அடிக்கலாம். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு சர்ப்ரைஸ் ரவுண்டு என்று தனிச் சுற்றையே உண்டாக்கியது. அதற்குப் பிறகு பதுங்குவது என்றாலே முதல் அடி என்று நம் மனதில் பதிந்துவிட்டது.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின், 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பின் வழி எனக்கு இன்னும் பிடிக்கும். பதுங்கி வருகிறவர் ஸ்டெல்த்தையே இனிஷியேட்டிவாக உருட்டுவார். நன்றாக ஒளிந்திருந்தால், எதிரி முந்திக்கொண்டாலும், ஏதோ சரியில்லை என்று தோன்றுமே தவிர, நாம் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அந்தத் தவிப்பே ஒரு நல்ல காட்சி.

நான் டிஎம்மாக உட்காரும் ஆட்டங்களில் 2024 விதியோடு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். ஒளிந்திருந்து சண்டையைத் தொடங்குகிறவர் அந்தச் செயலோடு வரிசையில் முதலில் நிற்பார், மற்றவர்கள் வழக்கம்போல உருட்டுவார்கள். தனிச் சுற்று கிடையாது, அம்பு மட்டும் சொன்ன நேரத்தில் கிளம்பும். எதிரிகளுக்கும் அதே விதிதான். ஆனால் அவர்கள் பதுங்கியிருந்தால் முன்கூட்டியே ஒரு தடயம் வைப்பேன். ஸ்டார்ட்டர் செட்டை எழுதியவர்கள் அந்தக் குதிரைகளின் உடம்பில் கறுப்பு இறகு அம்புகளைச் செருகி வைத்ததும் அதற்குத்தான். யாராவது அதைப் பார்த்துவிட்டு, "கிட்டப் போகவில்லை, புதரைக் கவனிக்கிறேன்" என்றால் அவருடைய பாசிவ் பெர்செப்ஷன் எட்டா பதினெட்டா என்று நான் பார்ப்பதில்லை. அவருக்கு சர்ப்ரைஸ் இல்லை.