லாப நட்ட அட்டவணை போட்டவருக்கும், கைதட்டியவர்களுக்கும்

நேற்று நம் கால்பந்து ரசிகர் குழுவில் சுற்றிய அந்த அட்டவணையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 2023-24 பருவத்தில் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகளில் செல்சிக்கு 12.84 கோடி பவுண்டு லாபம், ஆர்செனலுக்கு 1.77 கோடி பவுண்டு நட்டம், ஆகவே நிர்வாகத் திறமை யாருக்கு என்று பாருங்கள் என்பது அதன் சாரம். அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, “கணக்குப்பிள்ளை வந்துட்டாருங்க, இனி மேட்ச் பாத்த மாதிரிதான்” என்று பதில் வந்தது.

கணக்குப்பிள்ளையாகவே இருந்துவிட்டுப் போகிறேன். செல்சி தன் மகளிர் அணியைத் தன் தாய் நிறுவனத்துக்கே விற்று, அதில் வந்த ஏறத்தாழ 20 கோடி பவுண்டை அந்த ஆண்டு லாபத்தில் சேர்த்திருக்கிறது. அதைக் கழித்தால் மிஞ்சுவது 7 கோடி நட்டம். அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு ஹோட்டல்களை 7.65 கோடி பவுண்டுக்குத் தன் குழும நிறுவனத்துக்கே கைமாற்றியது. இதை விதிமீறல் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கிளப்புகளும் ஆடும் பிரீமியர் லீக்கின் அப்போதைய விதிகள் இதைத் தடுக்கவில்லை. கணக்கின் குறிப்புகளைப் படிக்காமல் கடைசி வரியை மட்டும் ஒப்பிடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் கோபி பக்கம். மாரியம்மன் பண்டிகை முடிந்து வரவு செலவு வாசித்தபோது, இந்த வருடம் மிச்சம் அதிகம் என்று பெருமையாக அறிவித்தார்கள். பெரியப்பா மட்டும் எழுந்து, “ஏனுங்க, பழைய அண்டா வித்த காசையும் வரிப்பணத்தோட சேத்து எழுதியிருக்கீங்க, அடுத்த வருசம் எதைய விப்பீங்க?” என்று கேட்டார். கூட்டம் அவரைத்தான் முறைத்தது. ஆனாலும் அந்த வரவு அடிக்கப்பட்டுத் தனி வரியாக எழுதப்பட்டது. கோயில் வரி கட்டியவர் கேட்கலாம், சந்தாவும் ஜெர்சியும் வாங்குகிறவன் கேட்கக் கூடாதோ?

ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்குத்தானே என்பார்கள். இரண்டு கணக்குமே சரியாக இருக்கலாம். ஒப்பிடத் தக்கவையா என்பது வேறு கேள்வி. வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் செலவு எழுதுவார்கள். 10 கோடிக்கு வாங்கிய ஆட்டக்காரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுச் செலவு 2 கோடி. எட்டாண்டு என்றால் 1.25 கோடிதான். இப்படி நீட்டிக்கொண்டே போனதால்தான் 2023-இல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஏஃபா, இப்படிப் பிரித்து எழுதுவதற்கு ஐந்தாண்டு வரம்பு வைத்தது. சொந்த அகாடமியில், அதாவது கிளப்பின் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையனை விற்றால், கழிக்க வாங்கிய விலை இல்லாததால் அநேகமாக முழுத் தொகையும் லாபம். ஆர்செனல் மே 31-இல் கணக்கை முடிக்கிறது, செல்சி ஜூன் 30-இல். இடையில் நடக்கும் விற்பனை ஒருவருக்கு இந்த ஆண்டிலும் மற்றவருக்கு அடுத்த ஆண்டிலும் விழும். இவை எதுவும் அட்டவணையில் இல்லை. எல்லாவற்றையும் வெளியிட்டால் போட்டிக் கிளப்புகளுக்கு வசதியாகிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். இங்கிலாந்தில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனிஸ் ஹவுஸின் தளத்தில் இந்தக் கணக்குகள் காசில்லாமலே கிடைக்கின்றன என்பது அவருக்குத் தெரியவில்லை.

ரசிகனுக்கு ஆட்டம் போதாதா? போதும், கிளப் இருக்கும்வரை. 1885-இல் தொடங்கிய இங்கிலாந்தின் பரி கிளப் பணச்சிக்கலால் 2019-இல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? அதே 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி இந்தியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக் பட்டம் வென்றது நம் கோவை நேரு விளையாட்டரங்கில்தான். அந்த அணி இப்போது இங்கே ஆடுவதில்லையே என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர், நூறு ரூபாய் கட்டி கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தார்கள்? நடுவரைத் திட்டுவதற்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது.