நாலு நிமிடம் ஐம்பது நொடி

போன வாரம் மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு வந்தது. "இப்பல்லாம் மனசு சரியில்லைன்னா போன்லயே மாத்திரை எழுதிக் குடுத்துர்றாங்களாம். வீடியோவுல என்னத்தப் பாத்து எழுதுவாங்க?" என்று ஒரு சார் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். டிபன் பாக்ஸைக் கழுவும்போதுதான் என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. பதினோரு மாதமாக நான் சாப்பிடுவது அப்படி எழுதிக் கொடுத்த மாத்திரையைத்தான்.

அங்கே சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான்.

எனக்கு வந்ததற்கு மனப்பதற்ற நோய் என்று பெயர். வரும்போது அது பெயரைச் சொல்லிக்கொண்டு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். போர்டில் பாதிக் கணக்கு நிற்கிறது. நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கிறது, உள்ளங்கை வியர்த்து சாக்பீஸ் பிசுபிசுக்கிறது. மீதியைப் பிள்ளைகளையே போடச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மாரடைப்பு என்றே நினைத்தேன். இசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. "கேஸா இருக்கும்" என்று மாத்திரை கொடுத்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. அதுதான் மூச்சை அடைக்கிறது என்று நானாக முடிவுகட்டி, நீல இன்ஹேலரை நாளைக்கு ஏழெட்டு முறை அடிக்க ஆரம்பித்தேன். (இந்த இன்ஹேலரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.) ஒரு நாள் காரைக்குடி பஸ்ஸில் மூச்சுமுட்டி, பாதி வழியிலேயே இறங்கி, பெயர் தெரியாத ஒரு ஸ்டாப்பின் புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன்.

"அப்பவே மனநல டாக்டரைப் பார்த்திருக்கலாமே" என்பீர்கள். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் கிடையாது. இந்தியா முழுவதும் கணக்கிட்டால் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, முக்கால்தான் வருகிறது. அந்த முக்காலிலும் பெரும்பகுதி பெரிய நகரங்களில்தான் இருக்கிறது. மாவட்டத் தலைநகருக்குப் போகலாம், அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மனநலப் பிரிவின் வரிசையில் நான் நின்றால், அந்த வராண்டாவில் என் மாணவன் ஒருவனின் அம்மா கண்டிப்பாக எதிரே வருவார். இருபது வருடமாக ஒரே வட்டாரத்தில் வேலை பார்ப்பதன் பலன் அது. யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினாலே "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சிரிக்கும் ஊர்க்காரர்கள் நாம். மனநல மருத்துவர் என்று சொல்ல நா கூசி "நரம்பு டாக்டர்" என்று சொல்லிக்கொள்கிறோம். பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில், மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை என்று வந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. நானே அதில் ஒருத்தி.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. என் நிலைமையைப் பார்த்த ஒரு டீச்சர் தன் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, பாதியாக உடைத்துக் கொடுத்தார். "இதப் போட்டுட்டுத் தூங்குங்க, காலைல ஒண்ணும் இருக்காது." அல்பிரசோலம். உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக விடிய விடியத் தூங்கினேன். அதுதான் அந்த மாத்திரையின் ஆபத்தே. மறுநாள் இரவு கை தானாக அந்த டீச்சரின் எண்ணைத் தேடியது.

அப்புறம்தான் ஒரு செயலியில் ஆன்லைன் டாக்டர். 399 ரூபாய். ராத்திரி ஒன்பதரைக்கு, மொட்டை மாடியில் தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினேன். கீழே ஹாலில் அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தூக்கம் வருகிறதா, படபடப்பு எப்போதெல்லாம் வருகிறது, கை நடுங்குகிறதா என்று கேட்டார். "டென்ஷன்தான் மேடம், சரியாயிரும்" என்றார். பேச்சு முடிந்து ஒரு நிமிடத்தில் மருந்துச் சீட்டு போனுக்கு வந்துவிட்டது. எவ்வளவு நேரம் பேசினோம் என்று பார்த்தேன். நாலு நிமிடம் ஐம்பது நொடி.

மறுநாள் காலை அந்தச் சீட்டை எங்கள் தெருமுனை மெடிக்கலில் காட்டினேன். ஆன்லைனுக்குப் போனதே இந்த மாதிரி தெரிந்த முகங்களுக்குப் பயந்துதான், இவரிடமே வந்து நிற்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் டீச்சர், நீங்க இன்ஹேலர் வாங்குறவுகதானே?"

"ஆமாண்ணே."

"அத அந்த டாக்டர்ட்ட சொன்னீகளா?"

அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சீட்டில் இருந்தது புரோப்ரனலால். படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்க இதைக் கொடுப்பது உண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். "இத நான் குடுக்க மாட்டேன், வேற டாக்டரப் பாருங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். யார் கண்ணில் படக் கூடாது என்று ஒளிந்தேனோ, அவர் கண்ணில் பட்டதால் தப்பித்தேன். செயலியில் அதே டாக்டரை மறுபடி பிடிக்க முயன்றேன். புதிதாக 399 கட்டச் சொன்னது, அதுவும் வேறொரு டாக்டருக்கு.

சரி, இத்தோடு முடித்திருந்தால் இந்தப் பதிவு அந்த சாருக்கு ஆதரவாகப் போயிருக்கும்.

கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகள் ஒரு மதுரை டாக்டரைச் சொன்னாள். வாரத்தில் இரண்டு மாலை அவரே வீடியோவில் பார்க்கிறார், நடுவில் செயலி எதுவும் கிடையாது. நேரில் வர முடியுமா என்றுதான் முதலில் கேட்டார். பஸ் ஏற முடியவில்லை என்றேன். "சரி, வீடியோவில ஆரம்பிப்போம். ஆனா ஆறு வாரத்துக்குள்ள ஒரு தடவை நேர்ல பாத்தாகணும்" என்றார்.

வீடியோவில் என்னத்தைப் பார்ப்பார்கள் என்று கேட்ட சாருக்காக எழுதுகிறேன். முதல் கேள்வியே நோயைப் பற்றியது இல்லை. "இப்ப எங்க இருக்கீங்க? பக்கத்தில யாராவது இருக்காங்களா? மனசுவிட்டுப் பேச முடியுமா?" வீட்டு முகவரியும், அவசரத்துக்குக் கூப்பிட இன்னொருவர் எண்ணும் வாங்கிக்கொண்டார். இரண்டு கையையும் விரல் விரித்து கேமரா முன்னால் நீட்டச் சொன்னார். கழுத்தை நிமிர்த்தி ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னார். தைராய்டு வீங்கியிருந்தால் விழுங்கும்போது மேலே ஏறி இறங்குவது தெரியுமாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே வியர்வை வரும் என்பதால் டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். பழைய இசிஜியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் கேமராவில் காட்டச் சொன்னார். இன்ஹேலரைக் காட்டினேன்.

"இத ஒரு நாளைக்கு எத்தன தடவ அடிக்கிறீங்க?"

"ஏழெட்டு..."

சிரித்துவிட்டார். அதிலிருக்கும் சால்புட்டமால் மூச்சுக்குழாயைத் திறக்கும்போதே இதயத்துடிப்பையும் ஏற்றும், கையையும் நடுங்க வைக்கும். பயந்து அடிக்கிறேன், அடித்ததால் துடிக்கிறது, துடிப்பதால் இன்னும் பயம், இன்னொரு அடி. செக்குமாடு மாதிரி நானே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியாக, குரலை மாற்றாமல், "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணிச்சா?" என்றார். அதுவரை வீட்டில் உட்பட யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். நாற்பத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது.

நான் அல்பிரசோலம் கேட்டேன். வெட்கத்தை விட்டு, பெயர் சொல்லியே கேட்டேன். மாட்டேன் என்றார். ஆன்லைன் மருத்துவத்துக்கு நம் நாட்டில் வழிகாட்டு நெறிமுறை வந்தது 2020 மார்ச் 25ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய அதே நாள். 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ள மருந்துகளை இந்த வழியில் எழுதக் கூடாது என்று அதில் இருக்கிறது. அல்பிரசோலம் அந்தப் பட்டியலில் உள்ளது. மெடிக்கலிலும் அதை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். "சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் போட்டா சில வாரத்திலயே பழகிடும், அப்புறம் திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். உங்களுக்கு இது வேண்டாம்" என்றார். அந்தக் கைப்பை டீச்சரை நினைத்துக்கொண்டேன். அவரிடம் இதைச் சொன்னேன், இப்போது அவரும் ஒரு டாக்டரிடம் போய் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்.

எனக்கு எழுதியது எஸ்சிடாலோபிராம். (பெயரைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் போய்க் கேட்டு வாங்காதீர்கள். எனக்குத் தைத்த ஜாக்கெட் உங்களுக்குப் பொருந்தாது.) முதல் பத்து நாள் நரகம். குமட்டல், பசியில்லை, பதற்றம் முன்னைவிட ஒரு படி அதிகம். நல்லவேளை, இதையெல்லாம் அவர் முன்பே சொல்லியிருந்தார். பலன் தெரிய நாலு வாரம்கூட ஆகும், அதுவரை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். ஆறாம் நாள் நிறுத்திவிடலாம் என்று மெசேஜ் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். அந்த ஒரு அழைப்பு இல்லையென்றால் மாத்திரை குப்பைக்குப் போயிருக்கும், நான் மறுபடி அரை மாத்திரைக்குக் கையேந்தியிருப்பேன்.

ஐந்தாவது வாரம் மதுரைக்குப் போனேன். பஸ்ஸில். அந்தப் புளியமரம் ஜன்னலில் கடந்து போனதைப் பார்த்தேன்.

வீடியோ வைத்தியத்தைக் கிண்டல் செய்பவர்களிடம் எனக்குள்ள வழக்கு இதுதான். நேரில் போய்ப் பார்ப்பதுதான் நல்லது, யார் மறுத்தார்கள்? ஆனால் நேரில் போக முடியாமல் செய்வதே இந்த நோயின் வேலை. பஸ் ஏறப் பயப்படுகிறவளிடம் பஸ் ஏறி வந்தால்தான் அந்தப் பயத்துக்கு மருந்து என்றால் என்ன நியாயம்? அதே சமயம், ஐந்து நிமிடத்தில் டாக்டர் என்று விளம்பரம் போடும் கடைகளிடமும் எனக்கு வழக்கு உண்டு. அவர்களுக்கு வேண்டியது முதல் அழைப்பு மட்டும். ஆறாம் நாள் யார் கூப்பிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. கேட்ட மாத்திரையை மறுக்கத் தெரிந்த டாக்டரா, அடுத்த முறையும் அதே முகம் வருமா, சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா. இந்த மூன்றைப் பாருங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

இன்னொன்று, இதை முகநூலில் எழுதுவதால் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் செரிப்ரல் என்று ஒரு ஆன்லைன் மனநல நிறுவனம், கொரோனா காலத்தில் கிடுகிடுவென வளர்ந்தது. 31 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் முகநூல், கூகுள், டிக்டாக் போன்ற நிறுவனங்களுக்குப் போயிருக்கின்றன என்று 2023இல் அதுவே ஒப்புக்கொண்டது. மறு வருடம் அங்குள்ள வர்த்தக ஆணையம் 70 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வைத்தது. வராண்டாவில் மாணவனின் அம்மா பார்த்துவிடுவார் என்று பயந்தேனே, இங்கே பார்க்கிறவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. நான் அந்த 399 ரூபாய் செயலியை நீக்கிய பிறகும் இரண்டு மாதம் தூக்க மாத்திரை விளம்பரமாக வந்துகொண்டிருந்தது.

காசும் இல்லை, யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுக்கிறார்கள். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மருத்துவருக்கு மாற்றுவார்கள். அந்தப் பத்து நாள் நரகத்தில் ஒருமுறை, விடிகாலை இரண்டரைக்கு, நானே கூப்பிட்டிருக்கிறேன்.

வீட்டில் விஷயம் தெரியாமல் இருக்குமா? மதுரை டாக்டரிடம் பேசும்போது தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதது அன்றைக்கே கீழே கேட்டிருக்கிறது. இத்தனை மாதமும் அத்தை வாயே திறக்கவில்லை. நானும் நரம்புக்கு மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தேன். நேற்று இரவு எட்டரை மணிக்கு போனை எடுத்துக்கொண்டு படியேறப் போனேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"மாடில கொசு கடிக்கும், உள் ரூம்ல உக்காந்தே பேசு ஆத்தா. நான் வாசத் திண்ணைல இருக்கேன்."