மடகாஸ்கர்ல சிங்கம் கிடையாதுங்க

"மடகாஸ்கர் படத்துல வர்ற மிருகம் எல்லாமே அந்தத் தீவோட மிருகங்கதான், பசங்க பாத்தே கத்துக்கலாம்"னு மேல போட்டிருக்கீங்களே ப்ரோ, அது தப்பு. அந்த அனிமேஷன் படத்தோட கதையே அதுக்கு நேர் எதிர்தானே. சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை நாலும் நியூயார்க் ஜூல இருந்ததுங்க, கென்யாவுக்கு அனுப்புறப்ப பெங்குவின் கேங் கப்பலைக் கடத்த, இதுங்க பெட்டியோட கடல்ல விழுந்து ஒதுங்குறதுதான் மடகாஸ்கர். நிஜத்துல அங்க காட்டுல சிங்கமும் இல்ல, பெங்குவினும் இல்ல. தீவு ஆப்பிரிக்காவுல இருந்து கிட்டத்தட்ட 400 கிமீ தள்ளி, கோடிக்கணக்கான வருஷமா தனியா கிடக்கு, அதனாலதான் அங்க இருக்குறதுல பெரும்பாலானது வேற எங்கயும் பாக்க முடியாத ஐட்டமா இருக்கு. நீர்யானை மட்டும் ஒரு காலத்துல குட்டை சைஸ்ல இருந்துச்சு, அதுவும் அழிஞ்சுபோச்சு.

லெமூரும் (குரங்குக்கு தூரத்துச் சொந்தமான மிருகம்) ஃபோசாவும் மட்டும் பக்கா லோக்கல். ஆனா அதுலயும் படம் இஷ்டத்துக்கு விளையாடியிருக்கு, ஃபோசா படத்துல கூட்டமா வந்து மிரட்டும், நிஜத்துல அது பெரும்பாலும் தனியா திரியுற, கீரிக்குச் சொந்தமான மிருகம், எடை சுமார் ஏழெட்டு கிலோதான், ஆனா லெமூரை வேட்டையாடுறது உண்மை. அப்புறம் படத்துல லெமூருக்கெல்லாம் ராஜாவா வர்ற ஜூலியன் வளையவால் லெமூர் இல்லையா, அந்த இனத்துல கூட்டத்தை ஆட்டிவைக்கிறது பொம்பளைங்க, ஆம்பளை ராஜா எல்லாம் செல்லாது 😂

2005ல வந்த செம காமெடி படம், பசங்களுக்கு தாராளமா போடுங்க. மேல போட்ட அந்த வரியை மட்டும் எடிட் பண்ணிடுங்க.